பதினோரு மாதம்

வாடகைப் பத்திரத்தில் எழுதுவதுபோல்
பதினோரு மாதம் என்றே எழுதினார்கள்
ஒவ்வொரு முறையும்.
அட்வான்ஸ்தான் கிடையாது.

முதலில் ஒரு வங்கி.
மார்பில் வங்கியின் பெயர்.
முதுகில், போன வருஷம் ஆடியவன் பெயரைப்
பிரித்தெடுத்த தையல் ஓட்டைகள்.
வியர்த்தால் அவன் தெரிவான்.
பிறகு துறைமுகம்.
பிறகு தாம்பரம் தாண்டி ஒரு பொறியியல் கல்லூரி.
வகுப்பறை எந்தப் பக்கமென்று தெரியாது,
வருகைப் பதிவேட்டில் மட்டும்
ஒழுங்காக வந்திருக்கிறேன்.
பிறகு ஒரு சர்க்கரை ஆலை.
அணியைக் கலைத்த அன்று
கடைசி மாதச் சம்பளத்துக்குப் பதிலாக
இரண்டு மூட்டை சர்க்கரை.
ராயபுரத்தில் எங்கள் சந்து முழுக்க
மழைக்காலம் முடியும்வரை காபி தித்தித்தது.

ஆறடி இரண்டங்குலம்.
பஸ்ஸில் ஒட்டகம்.
ரிங்குக்குக் கீழே குள்ளன்.
என்னைவிட உயரமானவன் கிடைக்கும்வரை நான்,
என்னைவிட வேகமானவன் தேறும்வரை நான்,
யாருக்காவது கணுக்கால் பிசகினால் நான்.
பல பேருடைய கணுக்கால்களில்
என் சோறு இருந்தது.
வேண்டிக்கொண்டதில்லை.
ஒருமுறை தவிர.

வெளியூர்ப் போட்டி என்றால்
பள்ளிக்கூடத்தில் தங்கவைப்பார்கள்.
மூன்று பெஞ்சை ஒட்டிப் போட்டாலும்
பாதம் வெளியே தொங்கும்.
கரும்பலகையில் யாரோ
பாதியில் விட்டுப்போன பின்னக் கணக்கு.
கொசுவுக்கு விழித்திருந்த ராத்திரிகளில்
மனதுக்குள் போட்டு முடித்திருக்கிறேன்.
கரூரில் ஒன்று, பெரியகுளத்தில் ஒன்று.
தூத்துக்குடியில் விடை தப்பு.

மைக் பிடிப்பவர்களுக்கு
அந்திரேயா வாயில் நுழையாது.
ஆண்ட்ரூ என்பார்கள், அந்தோணி என்பார்கள்,
ஒரு ஊரில் 'ஆந்திரா' என்றே அறிவித்துவிட்டார்கள்.
வெளிமாநிலத்து ஆள் இறங்கியிருக்கிறான் என்று
கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.
அந்த ஊரில்தான் நான் நன்றாக ஆடினேன்.

நிசார் என்னோடு வந்தவன்.
இருபத்தாறில் அவனுக்கு உத்தரவு வந்துவிட்டது.
இப்போது ரயில்வே கவுன்டரில்
முட்டி இடிக்க உட்கார்ந்து டிக்கெட் தருகிறான்.
என் ஃபைல் ஐந்து மேசை தாண்டியது.
ஆறாவது மேசையில்
எனக்கு இருபத்தொன்பது ஆகிவிட்டது.

சொல்லிக்கொள்ள ஒன்று உண்டு.
எழும்பூர். அரையிறுதி. நான் துறைமுகம்.
எதிரில் என் பழைய வங்கி.
அவர்கள் கைச்சைகை எல்லாம் எனக்குத் தெரியும்,
மாற்றவே இல்லை.
என்னை யாரென்று நினைத்து மாற்றுவார்கள்?
இரண்டு புள்ளி பின்னால் நிற்கிறோம்,
மூன்று போலத் தெரிந்தது எனக்கு,
இல்லை, மூன்றேதான்.
நாலு நொடி மிச்சம். மூலையிலிருந்து விட்டேன்.
வலை மட்டும் சத்தம் போட்டது.
நடுவர் இரண்டு விரல் காட்டினார்.
கட்டைவிரல் கோட்டின்மேல் இருந்ததாம்.
ஒரு புள்ளியில் தோற்றோம்.
அந்த ஷூ இரவல். ஒரு சைஸ் பெரியது.
உள்ளே என் விரல் எங்கே இருந்ததென்று
எனக்குத்தான் தெரியும்.

மேபல் ஒரே கேள்விதான் கேட்பாள்:
"இந்த வருஷம் என்ன கலர்?"
சீசன் முடிந்தால் ஜெர்சி
தரை துடைக்கப் போய்விடும்.
வங்கி சமையலறைக்கு,
துறைமுகம் வாசலுக்கு.
சர்க்கரை ஆலைதான்
நன்றாகத் தண்ணீர் உறிஞ்சும்.

முப்பத்தைந்து நடக்கிறது.
இடது முட்டி படிக்கட்டை எண்ணுகிறது.
நேற்று ஒரு போன்.
பெரும்பாக்கம் பக்கம் அடுக்குமாடிச் சங்கம்,
ஞாயிற்றுக்கிழமை லீக், ஐ.டி. பையன்கள்.
ஆட்டத்துக்கு ஆயிரத்து இருநூறு, டிபன் உண்டு,
மூணு மாசம் பார்ப்போம் சார் என்றார்கள்.
சார் என்றதில் கொஞ்சம் தடுமாறிவிட்டேன்.
சரி என்றேன்.

மேபல் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.
திரும்பவில்லை.
மஞ்சள் என்றேன்.
"அழுக்கு தெரியுமே" என்றாள்.